‘ஃப்யூஷன்’ ஃபர்னிச்சருக்குப் ‘பொருத்துப் பாணி’

அண்ணாச்சிக்கும் மற்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

பழைய மரவேலையும் இன்றைய வசதியும் சேர்ந்த உள்ளலங்காரத்தைக் கடைக்காரர்கள் ‘ஃப்யூஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நாம் பேசிவருவதில் இணைவுப் பாணி, கலவைப் பாணி, ஒட்டுப் பாணி என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன.

‘இணைவு’ ஏற்கெனவே அணுக்கரு இணைவுக்குப் போய்விட்டது. ‘கலவை’ என்றால் கொத்தனாரின் சிமெண்டும் மணலும்தான் நினைவுக்கு வரும். கலந்தபிறகு இரண்டையும் பிரிக்க முடியாது. ‘ஒட்டு’ எனக்கு மிகவும் பிடித்தது. ரப்பர் நாற்றங்காலில் நாட்டுக் கன்றில் நல்ல ரக மொட்டை வைத்து ஒட்டுக்கட்டுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். வேர் பழசு, கிளை புதுசு. ஆனால் பிளைவுட்டுக்கு ‘ஒட்டுப்பலகை’ என்று இதே தொழிலில் சொல் இருக்கிறதே! ‘ஒட்டு மேசை’ என்றால் வாங்குகிறவர் பிளைவுட் மேசை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் ஆச்சி வீட்டைப் பிரித்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். நெல் போட்டுவைக்கும் பத்தாயம் ஒன்று அங்கே இருந்தது, அயனி மரத்தில் செய்தது. ஆசாரி ஒரு ஆணிகூடப் பிடுங்கவில்லை. மூலைச் சட்டங்களில் வெட்டிய காடியிலிருந்து, அதாவது நீளப் பள்ளத்திலிருந்து, பலகைகளை ஒவ்வொன்றாக மேலே உருவினார். பலகைகளின் ஓரத்தில் உளியால் கீறிய கோடுகள் இருந்தன: முதல் பலகையில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று. திரும்பக் கூட்டுவதற்கான வரிசை அது. “பொருத்து கெடல்ல, எங்க கொண்டு போனாலும் கூட்டலாம்” என்றார். இன்று அது நாகர்கோவிலில் என் மகளின் படிப்பு மேசை. கீழே இரும்புக் கால், மேலே கண்ணாடி, நடுவில் அதே பலகைகள், அதே கோடுகள். இரும்பை போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறோம், பசை இல்லை. வேண்டுமென்றால் நாளைக்கே பழையபடி பத்தாயமாக்கிவிடலாம்.

ஆசாரி சொன்ன அந்தப் ‘பொருத்து’, அதாவது மரமும் மரமும் சேரும் மூட்டு, அதுதான் நான் வைக்கும் சொல். பொருத்தில் இரண்டு மரமும் தனித்தனியாகத் தெரியும், ஒன்றையொன்று தாங்கியும் நிற்கும். பக்கத்திலேயே ‘பொருத்தம்’ என்ற சொல்லும் இருப்பது கூடுதல் நன்மை. ஃபேன் மாட்டுவதையும் பொருத்துதல் என்கிறோமே என்று ஒருவர் கேட்கலாம். அது வினை. பெயராக வரும்போது பொருத்து என்பது மூட்டுதான், குழப்பம் வராது.

பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகத்தில், அதாவது முகப்பு மண்டபத்தில், அண்ணாந்து பார்த்தால் மரக்கூரையில் 90 விதப் பூக்கள். கீழே சீன நாற்காலி. அதே அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் டச்சுக்காரர்கள் கொடுத்ததாகச் சொல்லும் மூலிகை மரக் கட்டில். நாற்காலி சீன நாற்காலியாகவே இருக்கிறது, கூரை நம் ஆசாரியின் கூரையாகவே இருக்கிறது. ஒன்று இன்னொன்றை மறைக்கவில்லை. இந்த அமைப்பைக் ‘கலவை’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, எல்லை எங்கே? கான்கிரீட் தூணுக்கு மர நிறம் அடித்துவிட்டு இந்தப் பெயரைச் சொல்லக்கூடாது. அதற்கு ‘பழம்பாணி நகல்’ போதும். ஏதாவது ஒரு பழைய உறுப்பாவது, அல்லது பழைய முறையில் செய்த வேலையாவது, உண்மையாக அதில் இருக்க வேண்டும்.

தரை விஷயத்தில்தான் நிறைய யோசித்தேன். அரண்மனையின் கறுப்புத் தரைக்குச் சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்தார்கள் என்பார்கள். இப்போது வீடுகளில் போடும் கறுப்பு ஆக்ஸைடு தரை பார்வைக்கு அதுபோல இருக்கும், செய்முறை சிமெண்டுதான். ஆகவே அது நகல். அந்தத் தரையின்மேல் பிரித்தெடுத்த பழைய பலாமரத் தூணை நிறுத்தினால் அந்த அறையைப் பொருத்துப் பாணி அறை என்று சொல்லலாம். தரையை மட்டும் அப்படிச் சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. அண்ணாச்சி இதில் என்ன நினைக்கிறீர்கள்?