பழைய பேஜோ ரேஸ் சைக்கிள்: எந்த மாடல்? எங்கிருந்து தொடங்குவது?

வடலி:

வணக்கம் உறவுகளே. ரொறன்ரோவில பிரெஞ்சுக் கொம்பனி பேஜோவின்ர ஒரு பழைய ரேஸ் சைக்கிள் கிடைச்சிருக்குது. திரும்ப ஓடுற நிலைக்குக் கொண்டுவர விருப்பம். தெரிஞ்ச ஆக்கள் உதவுங்கோ.

வெள்ளை நிறம், கீழ்க்குழாயில கறுப்பு எழுத்து. மூட்டுகள் எல்லாம் லக் (குழாய்களைச் சொருகிற இரும்புச் சட்டை) வைச்சது. முன்னுக்கு ரெண்டு பல்லுச் சக்கரம், பின்னுக்கு அஞ்சு. கிராங்க் (பெடல் பூட்டுற கை) இரும்பு, கொட்டர் பின் (கிராங்கை அச்சில இறுக்குற ஆப்பு) போட்டது. பிரேக் மஃபாக், நடுவால கேபிள் இழுக்கிற வகை. கியர் நெம்பும் ரெண்டு டெரெய்லரும் (சங்கிலியைப் பல்லு மாத்துற பாகம்) கறுப்புப் பிளாஸ்டிக், சிம்ப்ளெக்ஸ் எண்டு எழுதியிருக்கு. ஒரு நெம்பில வெடிப்பு இருக்கு. ரிம் குரோம் பூசின இரும்பு, ரயரில 27 × 1¼ எண்டு போட்டிருக்கு. ஸ்டெம்மில (ஹான்டிலைப் பிடிக்கிற தண்டு) ஏவிஏ எண்டு இருக்கு.

சீற் பைப் (சீற்றைத் தாங்குற கம்பி) பிரேமுக்குள்ள இறுகிப் போச்சு. ஒரு பெடலும் கழருதில்லை. பிபியின்ர (கிராங்க் அச்சு சுழலுற இடம்) வலப்பக்கக் கப்பை, அதாவது பால்ரஸ் ஓடுற மூடியை, கடையில மணிக்கூட்டுத் திசையில திருப்பிப் பார்த்தவை, அசையேல்லை.

இது பேஜோவின்ர பந்தய மாடல் பிஎக்ஸ்-10 ஆ? முழுக்கச் சுரண்டிப் புது பெயின்ற் அடிக்கலாமோ?

சில்லு:

பிஎக்ஸ்-10 இல்லை. நீங்கள் சொல்லும் பாகங்கள் எல்லாம் யூஓ-8 என்ற சாதாரண மாடல் என்றுதான் காட்டுகின்றன. பிரெஞ்சு வீரர் தெவனே 1975இலும் 1977இலும் டூர் டி பிரான்ஸை வென்றது பேஜோ அணியில். அதனால் வெள்ளை பேஜோ எதைக் கண்டாலும் விற்கிறவர்கள் பிஎக்ஸ்-10 என்று எழுதிவிடுகிறார்கள். நிறத்தை நம்ப வேண்டாம். பிஎக்ஸ்-10இல் குழாய்கள் ரெனால்ட்ஸ் 531 என்ற உயர்தர ஸ்டீல், கிராங்க் கொட்டர் பின் இல்லாத ஸ்ட்ரோங்லைட் அலுமினியம், சில்லுகளில் ஒட்டுகிற டியூபுலர் ரயர். யூஓ-8இல் சாதாரண கார்பன் ஸ்டீல் குழாய், கொட்டர் கிராங்க், குரோம் இரும்பு ரிம். 1960களின் பிற்பகுதியிலிருந்து 70களின் சைக்கிள் அலை வரை வட அமெரிக்காவுக்குப் பெருமளவில் வந்த மாடல் அது. 27 அங்குல ரிம்மும் அந்தச் சந்தைக்காகத்தான்.

ஸ்டிக்கர் அழிந்திருந்தாலும் ஒரு அளவு காட்டிக் கொடுக்கும். சீற் பைப்பின் வெளியே தெரியும் பகுதியை வெர்னியரால் அளவுங்கோ. பிஎக்ஸ்-10 என்றால் 26.4 மி.மீ. யூஓ-8 என்றால் 24.0. யூஓ-8இல் சீற் பைப் இறங்கும் பிரேம் குழாயின் (சீற் குழாய்) சுவர் தடிப்பு, அதனால் உள்ளளவு சின்னன்.

ஆண்டை வரிசை எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. தலைக்குழாயில் இருப்பது ஆணி அடித்த உலோகச் சின்னமா, ஸ்டிக்கரா என்று பாருங்கோ. உலோகம் என்றால் பெரும்பாலும் முந்தினது. பிறகு பாகங்களின் படங்களை அந்தக் கால பேஜோ கட்டலொக்குகளுடன் ஒப்பிட்டால் இரண்டு மூன்று ஆண்டு வித்தியாசத்துக்குள் பிடிக்கலாம்.

பெயின்ற்: தயவுசெய்து சுரண்ட வேண்டாம். இந்த மாடல் அரிதில்லை, விலையும் பெரிதில்லை. அதற்கு இருக்கிற மதிப்பே அதன் சொந்த நிறமும் எழுத்துகளும்தான். மென்மையான சோப்புத் தண்ணி, பிறகு மெழுகு, அது காணும். தின்னரோ பெற்றோலோ எழுத்தில் பட்டால் கரைந்து போகும். துரு விழுந்த சின்னப் பாகங்களை ஒக்சாலிக் அமிலக் கரைசலில் ஊறவிட்டு, பிறகு நன்றாகக் கழுவி உடனே காய வைத்து எண்ணெய் பூசுங்கோ. கையுறை கட்டாயம். அலுமினியப் பாகங்களை அதற்குள் போட வேண்டாம். குரோமில் உள்ள மேல்துருவுக்கு அலுமினியத் தாளைத் தண்ணியில் நனைத்துத் தேய்த்தாலே போதும்.

இதையெல்லாம் தொடங்க முன் பிரேம் நேரா என்று பார்க்க வேணும். பின் டிராப்அவுட் (சில்லின் அச்சு பூட்டும் பிளவு) ஒன்றில் நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மற்ற டிராப்அவுட்டில் இழுத்துக் கட்டுங்கோ. சீற் குழாய்க்கும் நூலுக்கும் இடையிலான தூரம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேணும். மேல்குழாய், கீழ்க்குழாய் இரண்டின் அடிப்பக்கத்தையும் தலை லக்குக்குச் சற்றுப் பின்னால் விரலால் தடவுங்கோ. மேடு தட்டினாலோ பெயின்ற் சுருங்கி வெடித்திருந்தாலோ முன்பக்கமாக மோதிய சைக்கிள். அதில் காசு போட வேண்டாம். ரொறன்ரோவில் குளிர்கால வீதி உப்புக்குள் ஓடியிருந்தால் பிபி கூட்டின் உட்புறத்தையும் லைட் அடித்துப் பார்க்க வேணும்.

ஆரக்கால்:

கோவையிலிருந்து எழுதுகிறேன். முதல் வேலையாக, அந்த வலது கப்பை மேற்கொண்டு மணிக்கூட்டுத் திசையில் யாரும் திருப்ப வேண்டாம். ஆங்கிலேய பிபியில் வலது கப் இடது மரை, அதனால் கடையில் அப்படித் திருப்பியிருக்கிறார்கள். அந்தக் காலத்து பிரெஞ்சு சைக்கிளில் இரண்டு பக்கமும் வலது மரைதான். ஆக, இதுவரை கப்பை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். 70களின் கடைசியில் வந்த சில பேஜோக்களில் ஸ்விஸ் மரை உண்டு. அளவு அதேதான், வலது கப் மட்டும் இடது மரை. எனவே மிதமான பலத்தில் இடஞ்சுழியாக முயன்று பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

எந்தப் பாகமும் வாங்குவதற்கு முன் இந்த அளவுகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிபி 35 மி.மீ., மரை இடைவெளி 1 மி.மீ.; ஆங்கிலேயது 34.8 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை. ஃபோர்க் தண்டு 25 மி.மீ., ஆங்கிலேயது 25.4. ஸ்டெம் 22.0, மற்றவை 22.2. பெடல் 14 × 1.25, மற்றவை 9/16 அங்குலம். ஃப்ரீவீல் மரை 34.7 மி.மீ. கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்து. ஆங்கிலேய ஃப்ரீவீல் பிரெஞ்சு ஹப்பில் சும்மா சுழன்று ஏறிவிடும், பொருந்திவிட்டது என்று தோன்றும். ஏற்றத்தில் எழுந்து மிதித்ததும் ஹப் மரை மழுங்கிப் போகும். ஹப்பே போச்சு.

காட்டர் பின் கழற்ற அழுத்தும் கருவி கிடைத்தால் அதுவே நல்லது. சுத்தியல்தான் என்றால், கிராங்கின் அடியில் பின் தலை நுழையும் அளவுள்ள இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் அடி முழுக்க பால்ரஸ்ஸுக்குப் போய் கப்பில் குழி விழும். நட்டைப் பின்னின் நுனியோடு சமமாக வருமளவு தளர்த்தி, கனமான சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. சின்னச் சின்ன அடிகள் மரையைப் பூப்பூவாக விரித்துவிடும், பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். புதுப் பின் 9.0 மி.மீ. என்று கேட்டு வாங்குங்கள். நம் ஊர்க் கடைகளில் இருக்கும் 9.5 நுழையாது.

வலது பெடல் இடஞ்சுழி, இடது பெடல் வலஞ்சுழி. பழைய பிரெஞ்சுப் பெடலின் தண்டில் வலதுக்கு டி, இடதுக்கு ஜி என்ற எழுத்து குத்தியிருக்கும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்து, 15 மி.மீ. நீளக் கைப்பிடி ஸ்பேனர் போடுங்கள்.

ஃப்ரீவீலைக் கழற்றாமல் ஸ்போக்கை வெட்டிவிடாதீர்கள். ரிம்மைப் பிடித்துத்தான் அதற்குத் தேவையான பலம் கொடுக்க முடியும். ஏட்டம் ஃப்ரீவீல் என்றால் 20 பல் கருவி. அச்சின் நட்டும் அதன் கீழுள்ள ஸ்பேசரும் வழிமறித்தால் முதலில் அவற்றை எடுத்துவிட்டுக் கருவியை இறக்குங்கள்.

வடலி:

ரெண்டு பேருக்கும் நன்றி. சீற் பைப் 24.0 தான். பெடலில டி, ஜி இருக்கு. கப்பை இடஞ்சுழியா மெல்ல முயற்சிக்க அசைஞ்சிட்டுது, அப்பிடியே விட்டிருக்கிறன். நூல் கட்டிப் பார்க்க ரெண்டு பக்கமும் ஒரே தூரம்.

இரும்பு ரிம்மை மாத்தி 700சி (இப்பத்தைய ரேஸ் சைக்கிள் ரிம் அளவு) போடலாமோ? ஏவிஏ ஸ்டெம்மை அப்பிடியே விடலாமோ?

சில்லு:

ஸ்டெம்மை மாற்றுங்கோ. ஏவிஏ ஸ்டெம் ஃபோர்க் தண்டுக்குள் இறங்கும் பகுதியில் நீளப் பிளவுகள் இருக்கும். அந்த வெட்டின் நுனியிலிருந்து வெடிப்புப் பரவி ஓடும்போதே முறிந்த ஸ்டெம்கள் பல. அது உடைந்தால் ஹான்டில் கையோடு வரும். வடிவாகத்தான் இருக்கிறது என்று ஏமாற வேண்டாம். 22.2 அளவுள்ள புது ஸ்டெம்மின் உள்ளிறங்கும் பகுதியை 400 நம்பர் அரத்தாளால் சுற்றிவரச் சமமாக 22.0 வரை தேய்த்தால் இறங்கும். ஹான்டில் பாரைப் பிடிக்கும் இடத்தின் விட்டத்தையும் அளந்துவிட்டு வாங்குங்கோ.

700சி தாராளமாகப் போடலாம். 27 அங்குல ரிம்மில் ரயர் அமரும் விட்டம் 630 மி.மீ., 700சியில் 622. பிரேக் கட்டை 4 மி.மீ. மட்டும் இறங்கினால் போதும், மஃபாக்குக்கு அது பெரிய விசயமில்லை. அலுமினிய ரிம்மால் மழையில் பிரேக் பிடிக்கும். குரோம் இரும்பு நனைந்தால் வழுக்கும். இந்தச் சைக்கிளில் செலவழிக்க ஒரு இடம்தான் என்றால் நான் அதைத்தான் சொல்லுவேன். பின் டிராப்அவுட் இடைவெளி 120 மி.மீ. என்பதால் இக்கால 130 மி.மீ. ஹப் அப்படியே நுழையாது. உங்கட ஹப் நல்லதென்றால் அதிலேயே 36 துளை ரிம் கோர்ப்பது சுகம்.

வெடித்த சிம்ப்ளெக்ஸ் நெம்பை ஒட்ட வேண்டாம். டெல்ரின் பிளாஸ்டிக்கில் பசை நிற்காது. சன்டூர் நெம்பும் டெரெய்லரும் நன்றாக வேலை செய்யும், ஆனால் அவற்றின் பட்டி 28.6 மி.மீ. குழாய்க்கானது; பேஜோவின் கீழ்க்குழாய் 28.0. மெல்லிய அலுமினியத் தகடு ஒரு சுற்று வைத்து இறுக்குங்கோ, இல்லாவிட்டால் பட்டி வழுக்கிக் கீழே இறங்கும்.

ஆரக்கால்:

கப்பைக் கழற்ற அவசியமா என்று முதலில் பாருங்கள். அச்சை எடுத்துவிட்டுத் துணியால் துடைத்து, பால்ரஸ் ஓடும் தடம் குழியில்லாமல் பளபளவென்று இருந்தால் அங்கேயே இருக்கட்டும், திரும்ப இறுக்கிவிடுங்கள். குழி இருந்தால், கப்பின் தட்டைப் பக்கங்களை மேசை வைஸில் பிடித்து, பிரேமையே ஸ்டியரிங் போல மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகத் திருப்புங்கள். ஸ்பேனர் நழுவும் பேச்சே இல்லை.

பால்ரஸ் பழசைத் திரும்பப் போடாதீர்கள். பிபியில் ¼ அங்குலம், கூண்டு இல்லாமல் பக்கத்துக்கு 11. பின் ஹப்பிலும் ¼ அங்குலம், பக்கத்துக்கு 9. முன் ஹப்புக்கும் ஹெட்செட்டுக்கும் (ஃபோர்க் தண்டு சுழலும் பேரிங்) கழற்றும்போதே எண்ணி, அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சரி செய்யும்போது ஆட்டமும் இருக்கக்கூடாது, சுற்றினால் கரகரவென்றும் இருக்கக்கூடாது.

காட்டர் பின்களை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நுழையுங்கள். கிராங்கை நேராக நிறுத்திப் பார்த்தால் இரண்டும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். வளைந்து நின்றால் பின்னின் சரிந்த முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரம் போட்டுச் சரிசெய்யுங்கள். நட்டை இழுத்துப் பின்னை உட்காரவைக்கக் கூடாது, மரை போய்விடும். அழுத்தியோ அடித்தோ உள்ளே ஏற்றிய பிறகு நட்டு பிடிப்புக்கு மட்டும். முதல் 20, 30 கிலோமீட்டர் ஓட்டியதும் இறங்கி, இன்னொரு முறை அழுத்திவிட்டு நட்டை மறுபடி இறுக்குங்கள்.