2018ஆம் ஆண்டு கேமிங் பிசி: கார்டா, பிராசசரா, முதலில் எதை மாற்றுவது?

பட்டர்வொர்த்_144
வணக்கம் அண்ணன்மாரே. 2018இல் போட்ட பிசி: ரைசன் 5 2600 பிராசசர், பி450 மதர்போர்டு, ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், 450 வாட் பவர் சப்ளை. மானிட்டர் 1080பி, 144 ஹெர்ட்ஸ். வேலோரண்டில் சண்டை சூடுபிடித்தால் திணறுகிறது. சைபர்பங்க் 2077 குறைந்த செட்டிங்கிலும் 40 எஃப்பிஎஸ்ஸை (நொடிக்கு ஃப்ரேம்) தாண்டவில்லை. கையில் 1,500 ரிங்கிட் இருக்கிறது. கார்டை மட்டும் மாற்றினால் போதுமா? இல்லை, எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஏஎம்டியின் புதிய சாக்கெட்டான ஏஎம்5க்குப் போய்விடலாமா?

ஃப்ரேம்டைம்
தம்பி, காசை எடுக்கும் முன் அளந்து பாருங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளோடு வரும் ரிவாட்யூனரில் ஜிபியு (கார்டின் சிப்) பயன்பாடு, பிராசசரின் ஒவ்வொரு கோரின் பயன்பாடு, ஒரு ஃப்ரேம் வர ஆகும் நேரமான ஃப்ரேம்டைம் மூன்றையும் திரையில் காட்ட வையுங்கள். எஃப்பிஎஸ்ஸை மானிட்டரோடு கட்டிவைக்கும் விசிங்க், எஃப்பிஎஸ் வரம்பு இரண்டையும் அணைத்துவிட்டு விளையாடுங்கள். ஜிபியு 97, 98 சதவீதத்தில் நின்றால் கார்டுதான் தடை. 60, 70இல் அலைந்தால் பிராசசரோ ரேமோ பின்தங்குகிறது.

மொத்த சிபியு (பிராசசர்) பயன்பாடு 45 சதவீதம்தானே என்று ஏமாற வேண்டாம். கேமின் முக்கிய வேலை ஓரிரு த்ரெட்டில்தான் நடக்கும். 12 த்ரெட்டுக்கும் சராசரி போட்டால் எண் சின்னதாகத்தான் தெரியும். சந்தேகமாக இருந்தால் 720பிக்கு இறக்கிப் பாருங்கள். அப்போதும் எஃப்பிஎஸ் ஏறாவிட்டால் புதுக் கார்டு போட்டாலும் ஏறாது. டாஸ்க் மேனேஜரில் ரேம் வேகத்தையும் பார்த்துச் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த்_144
பார்த்தேன் அண்ணே. சைபர்பங்கில் ஜிபியு 98. வேலோரண்டில் 55தான், எஃப்பிஎஸ் 110க்கும் 190க்கும் நடுவே குதிக்கிறது. ரேம் 2133 என்று காட்டுகிறது, ஆனால் ஸ்டிக்கரில் 3000. இரண்டு 8 ஜிபி ஸ்டிக், பிராசசர் பக்கம் இருந்து முதல் இரண்டு ஸ்லாட்டில்.

ஃப்ரேம்டைம்
காசு செலவில்லாமல் சரிசெய்ய வேண்டியது அந்த ரேம்தான். நான்கு ஸ்லாட் போர்டில் ஸ்டிக்குகள் பிராசசரில் இருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் போட்டால் இரண்டும் ஒரே சேனலில் ஓடும், பேண்ட்வித் பாதியாகிவிடும். மாற்றிப் போட்டபின் பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பியை, அதாவது ஸ்டிக்கரில் உள்ள வேகத்தில் ரேமை ஓட்டும் அமைப்பை, ஆன் செய்யுங்கள். ரைசனில் கோர்களை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் ரேமின் வேகத்தோடு சேர்ந்தே ஓடுவதால், மெதுவான ரேம் பிராசசரையும் இழுத்துப் பிடிக்கும். 3000இல் பூட் ஆகாவிட்டால் 2933 வையுங்கள். திரையே வராவிட்டால் பிளக்கைக் கழற்றி, போர்டின் பேட்டரியைச் சில நிமிடம் எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

அதற்குப் பிறகும் சைபர்பங்க் மாறாது, அங்கே தடை கார்டு. வேலோரண்டில் பின்தங்குவது பிராசசர் பக்கம். அதனால் கார்டு, பிராசசர் இரண்டுமே தேவைதான்; ஆனால் ஏஎம்5 வேண்டாம். போர்டு, டிடிஆர்5, பிராசசர் மூன்றையும் புதிதாக வாங்கினால் இந்த பட்ஜெட்டில் கார்டுக்கு மிஞ்சாது. அதே போர்டில் ரைசன் 5 5600 போடுங்கள். அதுவும் 65 வாட்தான், பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகமான எல்3 கேஷ் 16இல் இருந்து 32 எம்பி ஆகிறது.

லோயாட்_சுற்றி
கார்டு வாங்கும்போது பிசிஐஇ லேனை, அதாவது கார்டுக்கும் போர்டுக்கும் இடையே தரவு ஓடும் பாதைகளை, கவனியுங்கள். பி450 பழைய, மெதுவான பிசிஐஇ 3.0 மட்டுமே தரும். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு 8 லேன் இருப்பதால் இழப்பு சின்னது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு 4 லேன், 4 ஜிபிதான். விலையைப் பார்த்து அதில் விழுந்துவிடாதீர்கள். இன்டெல் ஆர்க் பி580க்கு ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக அணுக விடும் வசதி) கட்டாயம் வேண்டும், பிராசசரும் வேகமாக இருக்க வேண்டும். இந்த பிசிக்கு அது பொருந்தாது.

பவர் சப்ளை என்ன பிராண்ட்? ஆர்எக்ஸ் 6600 132 வாட்தான் எடுக்கும், நல்ல 450 வாட்டே தாங்கும். ஏஎம்டி சொல்வதும் 450தான். ஆனால் கேஸோடு இலவசமாக வந்த சப்ளை என்றால், அதுவும் இத்தனை வருடம் நம்ம ஊர் வெக்கையில் ஓடியது என்றால், அதைத்தான் முதலில் மாற்றச் சொல்வேன். அது கெட்டுப் போகும்போது மற்றதையும் இழுத்துக்கொண்டு போகலாம்.

செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால் கோலாலம்பூர் லோயாட் பிளாசா கடையிலோ, கேரசல் விற்பனைச் செயலியில் விற்கும் ஆளிடமோ, கால் மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். திரையில் புள்ளி, கோடு வருகிறதா, ஃபேன் உறுமுகிறதா, ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான இடம்) சூடு 100 டிகிரியை நெருங்குகிறதா என்று பாருங்கள். என்விடியாவில் இருந்து ஏஎம்டிக்கு மாறும்போது பழைய டிரைவரை டிடியு (டிரைவர் நீக்கும் மென்பொருள்) வைத்துச் சுத்தமாக நீக்குங்கள்.

பின்_வளையாது
பிராசசர் மாற்றும் வரிசை முக்கியம். பழைய 2600 இருக்கும்போதே பயாஸை 5000 வரிசைக்கான பதிப்புக்கு ஏற்றுங்கள். முதலில் 5600ஐப் போட்டால் திரை வராது. ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த யூஎஸ்பியில் பயாஸ் ஃபைலைப் போடுங்கள், மின்னல் நேரத்தில் செய்யாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டு போய்விடும்.

கூலரை ஆறிய நிலையில் நேராக மேலே இழுக்காதீர்கள். உங்கள் போர்டின் சாக்கெட்டான ஏஎம்4இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டு பிராசசரையும் சாக்கெட்டில் இருந்து பிடுங்கிவிடும், பின் வளையும். பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைக் கழற்றி, கூலரை மெதுவாக இடவலமாகத் திருகிய பிறகு தூக்குங்கள்.

புது பிராசசரில் முதல் பூட்டில் எஃப்டிபிஎம்மை (பிராசசரில் பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் பகுதி) ரீசெட் செய்யவா என்று கேட்கும். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் ஆனில் இருந்தால் ரெக்கவரி கீயை முன்பே எழுதி வைத்துக்கொண்டு ஒய் அழுத்துங்கள். பயாஸ் ஏற்றியதும் எக்ஸ்எம்பி அணைந்துபோயிருக்கும், அதைத் திரும்ப ஆன் செய்யுங்கள். விண்டோஸ் 11 என்றால் எஃப்டிபிஎம், செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் செய்ய விடும் அமைப்பு) இரண்டும் ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் வேலோரண்ட் திறக்காது.