ஃபைபர் வள்ளத்தில் கூடுதல் பெட்ரோல்: எதில் வைப்பது, எங்கே வைப்பது?

கேள்வி (கடியப்பட்டணத்திலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்கென்று ஒரு ஃபைபர் வள்ளம் இருக்கிறது. அதில் 9.9 குதிரைத்திறன் கொண்ட அவுட்போர்டு எஞ்சின் பூட்டியிருக்கிறோம்; பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் வகை. அப்பாவும் சித்தப்பாவும் தூண்டில் தொழிலுக்குப் போகிறார்கள். கரையோரத்தில் மீன்பாடு குறைந்துவிட்டதால் முன்னைவிடத் தொலைவாகப் போக வேண்டியிருக்கிறது. அதனால் வள்ளத்தில் ஏற்றும் எண்ணெயின் அளவும் கூடிவிட்டது.

மண்ணெண்ணெயைப் பழைய சமையல் எண்ணெய்க் கேன்களிலும், பெட்ரோலைக் குடிநீர் பாட்டில்களிலும் ஒரு பத்து லிட்டர் கேனிலும் கொண்டுபோகிறார்கள். மூடி சரியாகப் பொருந்தாததால் அதனடியில் பாலித்தீன் தாளை வைத்து இறுக்குவது வழக்கம். சென்ற மாதம் விடியற்காலையில், அலை முறியும் இடத்தைக் கடக்கும்போது வள்ளம் தூக்கிப் போட்டதில் பெட்ரோல் கேன் சரிந்து, அந்தத் தாளையும் மீறி ஒழுகி, அடிப்பலகைகளுக்குக் கீழே ஓடிவிட்டது. அப்பாவின் கையில் அப்போது பற்றவைக்காத பீடி இருந்தது. வாடையை உணர்ந்து அவர் தீப்பெட்டியைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டதால்தான் இதை ஒரு கேள்வியாக எழுத முடிகிறது.

நான் நாகர்கோவிலில் படிக்கிறேன். கடலுக்குப் போகும் பழக்கம் எனக்கு இல்லை. எந்தப் பாத்திரம் வாங்க வேண்டும், வள்ளத்தில் அதை எங்கே வைக்க வேண்டும், நடுக்கடலில் எண்ணெய் மாற்றுவதற்குப் பாதுகாப்பான வழி என்ன என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால், வீட்டில் எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (குளச்சல், எஞ்சின் பழுது பார்ப்பவர்)

தம்பி, உங்கள் அப்பா செய்தது மிகவும் சரி. பெட்ரோலைப் பொறுத்தவரை நீர்மத்தைவிட அதன் ஆவிக்குத்தான் நாம் அஞ்ச வேண்டும். ஏறத்தாழ உறைநிலைக்கு 40 டிகிரி கீழே இருக்கும் குளிரிலும் பெட்ரோல் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். நம் ஊர் வெயிலில் அது எவ்வளவு விடும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது என்பதால் மேலே பறந்து போகாது. தண்ணீரைப் போலத் தாழ்வான இடத்தைத் தேடி, அடிப்பலகைக்குக் கீழேயும் வள்ளத்தின் முன்பகுதியான அணியத்தில் இருக்கும் மூடிய அறைக்குள்ளும் போய்த் தங்கிவிடும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி கலந்திருந்தாலே ஒரு பொறி போதும். ஆகையால், கேன் காலியாகிவிட்டது என்று அதை அலட்சியமாகப் போட்டு வைப்பதும் ஆபத்து; காலிக் கேனுக்குள் இருப்பது முழுக்க ஆவிதான்.

நடுக்கடலில் எண்ணெய் மாற்றுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஊற்றும் வேலையே இல்லாமல் செய்துவிடுவதுதான் என் யோசனை. எஞ்சினுடன் வரும் சிவப்பு நிறக் கைத் தொட்டியைப் போல இன்னொன்றை வாங்கி, கரையிலேயே நிரப்பி, மூடியை இறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் தொட்டி தீர்ந்ததும் குழாயின் இணைப்பை மட்டும் கழற்றி இரண்டாவது தொட்டியில் மாட்டி, குழாயில் இருக்கும் ரப்பர்க் குமிழை (கைப் பல்பு) நான்கு முறை அமுக்கினால் போதும். ஆடுகிற வள்ளத்தில் ஒருவர் புனலைப் பிடிக்க, மற்றவர் கேனைச் சாய்க்க, பாதி எண்ணெய் சூடான எஞ்சின்மேல் சிந்துகிற வேலை இதில் கிடையாது. விலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனாலும் நான் பழுது பார்க்கும் வள்ளக்காரர்கள் எல்லோரிடமும் இதையே வலியுறுத்துகிறேன். தொட்டி மூடியில் இருக்கும் சிறிய காற்றுத் திருகை, எஞ்சின் ஓடும்போது திறந்தும் மற்ற நேரங்களில் மூடியும் வைக்க வேண்டும். அதைத் திறக்க மறந்துவிட்டு, எஞ்சின் கெட்டுவிட்டது என்று என்னிடம் கொண்டுவருபவர்கள் உண்டு.

எதில் வைத்தாலும் விளிம்புவரை நிரப்பாதீர்கள். இருபது லிட்டர் பெட்ரோல், விடியற்காலையைவிட இருபது டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 400 மில்லி பெருகும். அதற்கு இடம் இல்லாவிட்டால் மூடி வழியாகத்தான் வெளியேறும். பத்தில் ஒரு பங்கு இடம் விட்டால் கவலை இல்லை. வைக்கும் இடம் வள்ளத்தின் நடுப்பகுதியாகவும், தாழ்வாகவும், காற்றோட்டம் உள்ளதாகவும் இருக்கட்டும். இருபது லிட்டர் பெட்ரோல் பதினைந்து கிலோ எடை இருக்கும். கட்டாமல் விட்டால் அலையில் அது ஆளையே அடித்துத் தள்ளும். எனவே இரண்டு பக்கமும் கயிறு கொடுத்துக் கட்டி, வெயில் படாமல் நனைந்த சாக்கைப் போட்டு மூடுங்கள். ஜி.பி.எஸ்., வயர்லெஸ் ஆகியவற்றுக்காக வைத்திருக்கும் 12 வோல்ட் பேட்டரியின் பக்கத்தில் கேன் இருக்கவே கூடாது. கிளிப் தளர்ந்தால் அங்கே பொறி பறக்கும். சோறு ஆக்கும் ஸ்டவ்வுக்கும் இதுவே பொருந்தும்.

இன்னொரு செய்தி. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடல் காற்றில் மூடி சரியில்லாத கேனில் பல நாள் கிடந்தால், தண்ணீரும் எத்தனாலும் ஒன்றுசேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். தொட்டியின் உறிஞ்சுகுழாய் முதலில் இழுப்பதும் அந்த அடி நீரைத்தான். எனவே இருப்பு வைத்த பெட்ரோலை அடுத்த முறையே பயன்படுத்திவிட்டு, புதியதை இருப்பாக வையுங்கள்.

மறுமொழி 2 (நாகர்கோவில், வேதியியல் ஆசிரியர்)

மேலே எழுதியவர் சொன்னவை அனைத்தும் சரியானவை. பாத்திரம் பற்றிச் சட்டம் சொல்வதை மட்டும் சேர்க்கிறேன். 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டத்தின்படி, விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை பெட்ரோலை உரிமம் இன்றி வைத்திருக்கலாம். ஆனால் அது இறுக மூடிய பாத்திரத்தில் இருக்க வேண்டும், உலோகப் பாத்திரமானால் 25 லிட்டருக்கு மிகக் கூடாது. கண்ணாடியோ பீங்கானோ ஆனால் ஒரு லிட்டர்தான். குடிநீர் பாட்டிலுக்கு இதில் இடமே இல்லை. ஆகவே வீட்டிலிருந்து கரைவரை கொண்டுவரும் பெட்ரோலுக்கு, ரப்பர் வளையத்துடன் மூடி இறுகும் இரும்பு ஜெர்ரி கேன் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் என்பதால் அடிப்பாகத்தை மாதம் ஒருமுறை பார்த்துப் பெயின்ட் அடிக்க வேண்டும்.

பெட்ரோல் பங்க்கில் நிரப்பும்போது கேனை ஆட்டோவின் இருக்கையிலோ பைக்கின் டேங்கின் மீதோ வைத்து நிரப்பச் சொல்லாதீர்கள். எண்ணெய் குழாயில் பாயும்போது நிலைமின்சாரம் சேரும்; அது தரைக்கு இறங்க வழி வேண்டும். கேனைத் தரையில் இறக்கி, குழாயின் முனை கேனின் வாயைத் தொட்டபடி, மெதுவாக நிரப்புவதே முறை.

மண்ணெண்ணெய் பெட்ரோலைவிடப் பாதுகாப்பானது என்பது உண்மை. அதன் தீப்பற்று நிலை, அதாவது தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடத் தொடங்கும் வெப்பநிலை, 35 டிகிரிக்கு மேல். ஆனால் பெட்ரோல் இருந்த கேனில் மண்ணெண்ணெயை ஊற்றினால் அந்த வேறுபாடு போய்விடும். கொஞ்சம் பெட்ரோல் கலந்த மண்ணெண்ணெயை, மண்ணெண்ணெய் என்று நம்பி ஸ்டவ்வில் ஊற்றுவது மிகவும் கொடிய விபத்தில் முடியும். இரண்டு கேன்களும் இருட்டிலும் கையால் தொட்டு வேறுபடுத்தக்கூடியவையாக இருக்கட்டும்; பெட்ரோல் கேனின் கைப்பிடியில் கயிறு சுற்றி வைத்தால்கூடப் போதும்.

மறுமொழி 3 (முட்டம், மீனவக் குடும்பத்துப் பெண்)

கடலைப் பற்றி அண்ணன்மார் சொல்லிவிட்டார்கள். கேன் வீட்டில் இருக்கும் நேரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பல வீடுகளில் அடுக்களைக்குப் பின்னால் ஒரே சுவர்தான், அதை ஒட்டித்தான் கேன்களை வைக்கிறார்கள். அடுப்பு எரியும் இடத்திற்கும் தூங்கும் இடத்திற்கும் தள்ளி, வெளியில், நிழலில், பிள்ளைகள் தொடாத இடத்தில் வையுங்கள்.

தம்பி, வாயால் குழாயை உறிஞ்சி எண்ணெய் மாற்றும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். என் அக்காள் மகன் அப்படி உறிஞ்சியபோது மண்ணெண்ணெய் புரையேறி நெஞ்சுக்குள் போய், காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்தான். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டோம். வாந்தியோடு மறுபடியும் நுரையீரலுக்குள் போகுமாம். கையால் அமுக்கும் பிளாஸ்டிக் பம்பு கடைகளில் குறைந்த விலையிலேயே கிடைக்கிறது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டாவது தொட்டி வாங்க அப்பா ஒப்புக்கொண்டுவிட்டார். இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. அன்றுபோல் மறுபடியும் சிந்திவிட்டால் கடலில் என்ன செய்வது? எவ்வளவு எண்ணெய் ஏற்றினால் போதும் என்பதை எப்படிக் கணக்கிடுவது?

மறுமொழி 4 (குளச்சல், எஞ்சின் பழுது பார்ப்பவர்)

சிந்தியது தெரிந்தவுடன் எஞ்சினைக் கிளப்பக் கூடாது, விளக்கின் சுவிட்சைத் தொடக் கூடாது, செல்பேசியைக்கூடப் பையிலேயே விட்டுவிட வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்து, வள்ளம் அலை முறியும் இடத்தில் இருந்தால், அதை நிறுத்துவது வள்ளத்தைக் கவிழ்த்துவிடும். அலையைத் தாண்டி வெளியே வந்ததும் நிறுத்துங்கள். பலகைகளைத் தூக்கி, பழைய துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியை மூடியுள்ள வாளியில் போட்டு, அடியில் காற்று நன்றாகப் புகும்படி வாடை போகும்வரை காத்திருங்கள். பேட்டரியில் ஓடும் பம்பால் அந்த நீரை இறைக்காதீர்கள். உலர்பொடி தீயணைப்பான் ஒன்று வள்ளத்தில் இருக்க வேண்டும், எண்ணெய்க்குப் பக்கத்தில் அல்ல, ஓட்டுபவரின் கைக்கு எட்டும் இடத்தில். எரியும் பெட்ரோலில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும்.

அளவைப் பொறுத்தவரை, போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையில் ஒரு பங்கு என்பதுதான் என் கணக்கு. தொட்டியில் ஒரு கோடு போட்டு, அதுவரை நிரப்பி, வழக்கமான சுமையுடன் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, மறுபடியும் கோடுவரை நிரப்ப எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று பாருங்கள். ஆனி, ஆடி மாதங்களில் எதிர்க்காற்றும் நீரோட்டமும் சேர்ந்தால் அதே தொலைவுக்கு அதைவிட மிகுதியாகக் குடிக்கும். அந்த மாதங்களில் தனியாக அளந்து எழுதி வையுங்கள். முதல் தொட்டி காலியாகி இரண்டாவதை மாட்டும் நேரத்தில் வள்ளம் இன்னும் வெளியே போய்க்கொண்டிருந்தால், அங்கேயே அணியத்தைக் கரைப்பக்கம் திருப்பிவிட வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். எண்ணெய் தீர்ந்து மிதக்க நேர்ந்தால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திற்கு 1093. இரண்டு எண்களையும் அழியாத மையால் வள்ளத்தின் உட்பக்கத்தில் எழுதிவிடுங்கள்.