ஏப்ரலில் டீ ஆற்றில் சால்மன்: மிதக்கும் லைனா, மூழ்கும் லைனா?

குளத்தங்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் எடின்பரோவில் வசிக்கிறேன். நீர்த்தேக்கங்களில் டிரவுட் மீனுக்கு ஃப்ளை (இறகு, மயிர் கொண்டு கொக்கியில் கட்டிய செயற்கை இரை) வீசிப் பழக்கம் உண்டு. ஓடும் ஆற்றில் சால்மனுக்காகக் கோல் எடுத்ததில்லை. வரும் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில், ஸ்காட்லாந்தின் டீ ஆற்றில், பாங்கரிக்கும் அபாயினுக்கும் இடைப்பட்ட ஒரு பீட்டில் (மீன்பிடிக்கப் பிரித்துவிட்ட ஆற்றுப் பகுதியில்) வெள்ளி, சனி இரண்டு நாட்களுக்கு இடம் எடுத்திருக்கிறோம். மூழ்கும் லைனையும் குழாயில் கட்டிய கனமான ட்யூப் ஃப்ளைகளையும் வாங்கும்படி கடைக்காரர் சொல்கிறார். உடன் வரும் நண்பரோ மிதக்கும் லைன் ஒன்றே போதும் என்கிறார். யார் சொல்வது சரி? ஆற்றுக்குள் வந்த சால்மன் இரையே எடுக்காது என்று படித்தேன். அப்படியானால் அது எதற்காக ஃப்ளையைக் கவ்வுகிறது? கிடைத்தால் ஒரு மீனை வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா என்பதையும் சொல்லுங்கள்.

வடகரை எழுதியது:

கடைக்காரரும் நண்பரும் சொல்வதில் எது சரி என்பதை அன்றைய தண்ணீரின் வெப்பநிலைதான் தீர்மானிக்கும். ஆகவே முதலில் ஒரு வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள். மீனின் உடல் தண்ணீரின் வெப்பத்தையே கொண்டிருப்பதால், 4 அல்லது 5 டிகிரி செல்சியஸில் சால்மன் மந்தமாக அடியில் கிடக்கும். மேலே எழுந்து வந்து எதையும் துரத்தாது. அப்போது ஃப்ளைதான் இறங்கி அதன் முகத்துக்கு நேரே மெதுவாகக் கடந்து செல்ல வேண்டும். அதற்குத்தான் மூழ்கும் லைனும், பித்தளைக் குழாயில் கட்டிய இரண்டு அங்குல ஃப்ளையும். தண்ணீர் 10 டிகிரியைத் தாண்டி, காற்று அதைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருந்தால், அதே மீன் நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே போகும் சிறிய ஃப்ளைக்கும் எழுந்து வரும். அப்போது மிதக்கும் லைன் போதும். ஏப்ரல் மூன்றாம் வாரம் இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில் வருகிறது என்பதே உங்கள் சிக்கல். அதிலும் டீ ஆறு கெய்ர்ன்கார்ம் மலைகளிலிருந்து இறங்கி வருகிறது. மலையில் பனி மிச்சமிருந்தால், நல்ல வெயில் நாளிலும் உருகிய பனிநீர் சேர்ந்து ஆறு சில்லென்றே இருக்கும். காலையில் ஒருமுறை, மதிய உணவுக்குப் பின் ஒருமுறை அளந்து பாருங்கள்.

ஆழத்தைப் போலவே ஃப்ளை போகும் வேகமும் முக்கியம். குளிர்ந்த நீரில் எதிர்க்கரையை நோக்கி நேராக வீசாமல், ஆறு ஓடும் திசையில் நன்றாகச் சரித்து வீசி, லைன் விழுந்ததும் அதன் வயிற்றை, அதாவது வளையும் நடுப்பகுதியை, ஒருமுறை ஆற்றின் மேல்திசை நோக்கிப் புரட்டிப் போடுங்கள். ஃப்ளை நிதானமாகக் குறுக்கே வரும். வந்து முடிந்ததும் ஓரிரு அடி கீழே நகர்ந்து, மறுபடியும் வீசுங்கள். ஒரே இடத்தில் நின்று வீசிக்கொண்டிருந்தால் மீனுக்கும் பயனில்லை, பின்னால் வருகிறவருக்கும் எரிச்சல்.

இரை எடுக்காத மீன் ஏன் கவ்வுகிறது என்பதற்குக் கோபம், ஆர்வம், கடலில் வேட்டையாடிய பழக்கத்தின் மிச்சம் என்று பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன; எதுவும் முடிவானதல்ல. இலையுதிர்காலத்தில் முட்டையிட வேண்டிய மீன், வசந்தத்திலேயே ஆற்றுக்குள் நுழைந்து, கடலில் சேர்த்த கொழுப்பை மட்டும் கொண்டு மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கிறது என்பது மட்டும் உறுதி.

வீட்டுக்குக் கொண்டுவரும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஏப்ரல் 1ஆம் தேதிக்கு முன் பிடிக்கும் சால்மன் அனைத்தையும் ஆற்றிலேயே விட வேண்டும் என்பது ஸ்காட்லாந்து முழுவதற்கும் சட்டம். உங்கள் வாரம் அந்தத் தேதிக்குப் பிறகு வந்தாலும், டீ ஆற்றில் எந்த மாதத்திலும் மீனைத் திருப்பி விடுவதே வழக்கம். பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மன் 2023இல் அழியும் ஆபத்திலுள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மணல்திட்டு எழுதியது:

வடகரை சொன்ன கணக்கு சரிதான். ஆனால் முழுதும் மூழ்கும் லைன் டே (Tay) என்ற வேறொரு ஆற்றின் ஆழமான மடுக்களுக்குப் பொருந்தும் அளவுக்கு நடு டீ ஆற்றுக்குப் பொருந்தாது. இங்கே தண்ணீர் தெளிவானது. ஏப்ரலில் மீன் கிடக்கும் இடங்கள் பலவற்றில் ஆழம் நெஞ்சளவுகூட இருக்காது. கனமான குழாயை இறக்கினால் பாறையிடுக்கில் மாட்டி, காலைப்பொழுது முழுவதும் ஃப்ளைகளை அறுத்துக்கொண்டிருக்க நேரிடும். மிதக்கும் லைனின் நுனியில் மூழ்கும் பாலிலீடர்களை (லைனுக்கும் ஃப்ளைக்கும் இடையில் மாட்டும் குறுகிய இழைகளை) தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு லைனிலேயே இரண்டு வேலையும் நடக்கும். ஃப்ளைக்கு, அலுமினியக் குழாயில் கட்டிய ஒன்றரை அங்குல வில்லி கன் என்ற வகை ஃப்ளை ஒன்று இருந்தால் தொடங்கப் போதும். நீர்மட்டத்தை ஒட்டி ஃப்ளையை நீந்தவிடும் முறையை, பட்டு லைனுக்கு மெழுகு பூசி மிதக்கவைத்து, ஆர்தர் உட் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்த்தெடுத்தது இதே ஆற்றில், பாங்கரிக்குச் சற்று மேலே உள்ள கெய்ர்ன்டனில்தான்.

டிரவுட் பிடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. இழுப்பு தெரிந்தவுடன் கோலைச் சொடுக்காதீர்கள். சால்மன் ஃப்ளையைக் கவ்வியபடி திரும்பி, தன் இடத்துக்குப் போகும். ரீலிலிருந்து லைன் உருவிக்கொண்டு போகட்டும், பாரம் நன்றாகத் தெரிந்த பிறகு கோலை உயர்த்துங்கள். விரலிடையில் ஒரு சுருள் லைனை வைத்திருந்து கொடுக்க வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. கை பதற்றத்தில் சுருளை விடுவதற்குப் பதிலாக இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

ஸ்பே என்பது லைனைப் பின்னால் முழுதும் பறக்கவிடாமல், நீரில் தொட்டுச் சுழற்றி வீசும் முறை. காற்று ஆற்றோட்டத்தின் திசையில் அடித்தால் இரட்டை ஸ்பே வீச்சும், அதற்கு எதிர்த்திசையில் அடித்தால் ஒற்றை ஸ்பே வீச்சும் போடுங்கள். மாற்றிப் போட்டால் கொக்கி முகத்தை நோக்கி வரும். கண்ணாடி அணியாமல் ஆற்றில் இறங்க வேண்டாம்.

குளத்தங்கரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. பாலிலீடர் வாங்கிவிடுகிறேன். ஏப்ரலில் கெல்ட்டும் மாட்டும் என்கிறார்களே, புதிதாக வந்த மீனிலிருந்து அதை எப்படிப் பிரித்தறிவது? சனி இரவு அங்கேயே தங்குகிறோம்; ஞாயிறு காலையும் சால்மனுக்கு வீசலாமா?

வடகரை எழுதியது:

கெல்ட் என்பது சென்ற இலையுதிர்காலத்தில் முட்டையிட்டு முடித்து, கடலுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் மீன். சில கெல்ட் மீண்டும் வெள்ளியாகப் பளபளப்பதால், நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. வலைக்குள் நீரிலேயே வைத்துப் பாருங்கள்: தலை பெரிதாகவும் வயிறு ஒட்டியும் தெரியும், வால் துடுப்பின் ஓரம் கிழிந்திருக்கும், ஆசனவாய் தளர்ந்து வெளித்தள்ளியிருக்கும். செவுள் மூடியைச் சற்றே தூக்கினால், சிவந்த இழைகளில் வெள்ளையாகப் புழுப்போன்ற ஒட்டுண்ணிகள் தொங்குவதைக் காணலாம். அவை நன்னீரில் பற்றிக்கொள்பவை என்பதால், அண்மையில் கடலிலிருந்து வந்த மீனின் செவுள் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். அந்த மீன் தோள் அகன்று, முதுகு தடித்து, செதில்கள் கையோடு வருமளவுக்குத் தளர்வாக இருக்கும். வாலருகே பழுப்பு நிறக் கடல்பேன் ஒட்டியிருந்தால் அது வந்து சில நாட்களே ஆகின்றன. கெல்ட்டைக் கொல்வது குற்றம். இரண்டையும் ஒரே பக்குவத்தில் கையாளுங்கள்: முள்ளில்லாத கொக்கி, முடிச்சில்லாத வலை, வாலைப் பிடித்துத் தொங்கவிடாமை. நீரோட்டத்துக்கு எதிரே தலையை வைத்துத் தாங்கிக்கொண்டால், தானாக உதறிப் போகும்வரை காத்திருப்பது மட்டுமே உங்கள் வேலை.

ஞாயிற்றுக்கிழமையில் ஸ்காட்லாந்தின் ஆறுகள் எதிலும் சால்மனுக்கோ கடல் டிரவுட்டுக்கோ தூண்டில் போடச் சட்டம் இடம் தராது. பழுப்பு டிரவுட்டுக்கு அந்தத் தடை இல்லை என்றாலும், பீட்டின் உரிமையாளர் அனுமதிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கில்லியை (பீட்டின் மீன்பிடி வழிகாட்டியை) சந்திக்கும்போதே கேட்டுவிடுங்கள்.