லட்சத்துக்கு 2,500 என்ற கார் விளம்பரம்

குழு: உருத்திரபுரம் குடும்பம்

*வெள்ளி, மாலை*

தினேஷ்: எல்லாரும் இதைப் பாருங்கோ. வவுனியாவில் ஒரு கார் விற்கிற இடம் பேஸ்புக்கில் போட்டிருக்கிறது.

தினேஷ்: (படம்) "ஆல்டோ 800. ஒரே உரிமையாளர், 62,000 கிலோமீற்றர். முற்பணம் 5 லட்சம் மட்டுமே! வட்டி 10% தான். லட்சத்துக்கு 2,500. அரை மணித்தியாலத்தில் அனுமதி. கிரிப் (பழைய கடன் பதிவு) சிக்கலா? பயம் வேண்டாம், எங்களிடம் வாருங்கள்!"

தினேஷ்: விலை 30 லட்சம். போன் எடுத்துக் கதைத்தேன். மாதக் கட்டுக்காசு 37,500 வரும் என்றார்கள். ஹயர் ஓடினால் கட்டிவிடலாம்.

செல்வி சித்தி (தினேஷின் அம்மா): யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போகிற சனம் எந்த நாளும் வாகனம் தேடித் திரியுது. என்னுடைய நகையை அடகு வைத்தால் அந்த 5 லட்சம் வந்துவிடும்.

வாணி: சித்தி, நகையை எடுக்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கோ. தினேஷ், 30 இல் 5 போனால் 25 லட்சம். லட்சத்துக்கு 2,500 என்றால் 62,500 அல்லவா வரவேண்டும்? 37,500 எப்படி வந்தது?

தினேஷ்: லீசிங் கடன் 15 லட்சத்துக்குத்தானாம் அக்கா. மிச்சம் 10 லட்சத்துக்கு வேறு ஒரு பேப்பர் போடுவார்களாம். அது சின்ன விசயம் என்றார்கள்.

வாணி: அந்தப் பேப்பரைக் கேட்டு வாங்கிப் போடு.

*வெள்ளி, இரவு*

தினேஷ்: ஒரு பக்கம் மட்டும் அனுப்பினார்கள். (படம்)

வாணி: மூன்றாவது வரியை வடிவாகப் பார் தம்பி. மாத வட்டி 3 வீதம், கடன் தொகை முழுவதும் 12 மாத முடிவில் ஒரே தடவையில். 10 லட்சத்துக்கு மாதம் 30,000. அது வட்டி மட்டும்தான். ஒரு வருடம் கட்டினால் 3 லட்சத்து 60 ஆயிரம் போயிருக்கும், 10 லட்சம் அப்படியே நிற்கும். உன்னுடைய உண்மையான கட்டுக்காசு 67,500. வருட முடிவில் 10 லட்சத்துக்கு எங்கே போவாய்? அவர்களே வேறொரு கடன் போட்டுத் தருவார்கள், அதற்கும் வட்டி.

வாணி: இது ஏன் இரண்டு பேப்பராக வருகிறது தெரியுமா? வாகனப் பெறுமதியில் எவ்வளவு வீதம் வரைக்கும் லீசிங் கொடுக்கலாம் என்று மத்திய வங்கி எல்லை வைத்திருக்கிறது. காருக்கு அந்த எல்லை இறுக்கம். "முற்பணம் 5 லட்சம் மட்டுமே" என்று விளம்பரம் போட வேண்டுமானால் எல்லைக்கு மேலே உள்ளதை வேறு பெயரில் கொடுக்க வேண்டும். லீசிங் கம்பனிக் கணக்குப் பிரிவில் நான் இருந்த காலத்தில் இப்படி இரண்டு பேப்பரோடு வந்து நின்ற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். முதல் பேப்பரை வாசித்திருப்பார்கள். இரண்டாவதுக்குக் கையெழுத்து மட்டும்தான்.

தினேஷ்: அப்ப அந்த 10% ஆவது சரியா?

வாணி: அதுதான் எனக்குப் பெரிய கோபம். 15 லட்சத்துக்கு 10 வீதப்படி வருடம் ஒன்றரை லட்சம், 5 வருடத்துக்கு ஏழரை லட்சம். மொத்தம் 22 லட்சத்து 50 ஆயிரம். 60 ஆல் பிரித்தால் 37,500. கணக்குப் பிழை இல்லை. ஆனால் நீ மாதாமாதம் முதல் தொகையையும் கட்டிக்கொண்டு வருகிறாய். மூன்று வருடம் கட்டின பிறகு முதல் தொகையில் ஏறக்குறைய பாதிதான் மிச்சம், ஏழரை லட்சம் அளவில். வட்டியோ இன்னும் முழு 15 லட்சத்துக்கு ஓடும். குறைந்து வரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் இது வருடத்துக்கு 17 வீதத்துக்கும் மேல். உண்மையிலேயே 10 வீதம் என்றால் கட்டுக்காசு 31,900 அளவில்தான் வர வேண்டும்.

தினேஷ்: மாதம் 5,600 வித்தியாசமா!

வாணி: ஓம். 60 மாதத்துக்கு 3 லட்சத்துக்கு மேலே. இதற்கு வெளியே முழுக் காப்புறுதி, பெறுமதி மதிப்பீட்டுக் கூலி, ஆவணக் கட்டணம், பெயர் மாற்றச் செலவு எல்லாம் வரும். விளம்பரத்தில் ஒன்றும் இல்லை.

*சனி, காலை*

சின்ன மாமா: இரவு முழுக்க வாசித்தேன் பிள்ளை. 2011 இல் நாங்கள் திரும்பி வந்து குடியேறின நேரம் உழவு இயந்திரம் லீசிங்கில் எடுத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "அறுவடைக்கு அறுவடை கட்டலாம்" என்று நோட்டீசில் பெரிதாகப் போட்டிருந்தது. பேப்பரில் மாதாமாதம் என்று இருந்தது. பேப்பர் ஆங்கிலம். காலபோகம் வெட்டிக் காசு கைக்கு வருவதற்குள் மூன்று கட்டுக்காசு நிலுவை. பரந்தன் சந்தியில் வைத்து இயந்திரத்தைச் சீஸ் பண்ணிப் பறித்தார்கள், பெட்டியில் நெல் மூட்டை இருந்தது. எடுக்கப் போனால் தண்ட வட்டி, சீஸ் பண்ணின ஆளுக்குக் கூலி, யார்டில் விட்ட நாளுக்கு வாடகை. நோட்டீசைக் காட்டினேன். அது வெறும் விளம்பரம் ஐயா, கையெழுத்து வைத்தது இதில் என்றார் மனேஜர்.

செல்வி சித்தி: அந்தக் காலத்தில் அண்ணி அழுத அழுகை இப்பவும் காதில் கேட்குது.

ரவி (லண்டன்): இங்கே விளம்பரத்தில் வட்டியையோ கட்டுக்காசையோ போட்டால், பெரும்பாலும் கட்டணங்களையும் சேர்த்த வருடாந்த வீதத்தையும் பளிச்சென்று போட வேண்டும், ஏபிஆர் என்பார்கள். அப்படியிருந்தும் ஏமாற்றினார்கள். வட்டியை ஏற்றி வைத்தால் கார் விற்பவருக்குக் கொமிஷன் கூடும். வாங்குகிறவருக்கு அது தெரியாது. 2021 ஜனவரியில் அந்தக் கொமிஷனைத் தடை செய்தார்கள். பழைய வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 2025 ஓகஸ்ட்டில் தீர்ப்பு வந்தது. மூன்று பேர் வழக்கில் ஒருவருக்குத்தான் சாதகம். தம்பி, உன்னோடு இனிக்கக் கதைக்கிறவருக்கு இந்த லீசிங்கில் எவ்வளவு கிடைக்கிறது என்றும் கேள்.

தினேஷ்: கேட்டால் கார் தரமாட்டார்கள் அண்ணா.

ரவி (லண்டன்): தராவிட்டால் விடு.

கரன்: தம்பி, எனக்கு அந்த 62,000 மேலேயும் சந்தேகம். 2020 இலிருந்து 2025 தொடக்கம் வரைக்கும் வாகன இறக்குமதி நின்ற காலம். உள்ளே இருந்த கார்களைத்தான் திரும்பத் திரும்ப ஓடினார்கள். இன்றைக்கு வவுனியாவுக்கு உதிரிப்பாகம் எடுக்கப் போகிறேன், காரை எட்டிப் பார்க்கிறேன்.

வாணி: கரனிடம் சிஆர் புத்தகத்தின் (வாகனப் பதிவுப் புத்தகம்) படத்தையும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். வேறு லீசிங் ஏற்கனவே இருந்தால் முழு உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர் நிற்கும். "கிரிப் சிக்கலா, பயம் வேண்டாம்" என்ற வரியும் சரியில்லை. அனுமதி பெற்ற நிதிக் கம்பனி கிரிப் பார்க்காமல் லீசிங் கொடுக்காது. பார்க்காமல் கொடுக்கிறவர் யார் என்றுதான் யோசிக்க வேண்டும்.

வாணி: தினேஷ், ஒன்றே ஒன்று செய். போனில் கதைக்காதே, வாட்ஸ்அப்பில் எழுதிக் கேள். இரண்டு பேப்பரும் சேர்த்து, எல்லாக் கட்டணத்தோடும், கடைசி ரூபா வரைக்கும் நான் மொத்தம் எவ்வளவு கட்டுவேன்? 10 லட்சம் தருகிற கம்பனியின் முழுப்பெயர் என்ன? ஒப்பந்தத்தைத் தமிழில் தருவீர்களா?

*சனி, பின்னேரம்*

கரன்: பார்த்தேன். பிரேக் பெடல் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கு. 62,000 ஓடின காருக்கு அப்படித் தேயாது. பொனட்டைத் திறந்தால் ஒயில் மாற்றின ஸ்டிக்கர் பாதி கிழிந்து நிற்குது, அடுத்த சேவிஸ் 1,18,000 என்று எழுதியிருக்கு. (படம்)

கரன்: சிஆர் புத்தகம் "ஒபீசில் இருக்கு" என்றார்கள். காட்டவில்லை.

சின்ன மாமா: ஒரே உரிமையாளராம்!

தினேஷ்: பதில் வந்தது. ஃபைல் திறந்த பிறகுதான் மொத்தத் தொகை சொல்வார்களாம். ஃபைலுக்கு 15,000 முதலில் போட வேண்டுமாம், லீசிங் சரிவராவிட்டாலும் திரும்பத் தரமாட்டார்களாம். 10 லட்சம் தருகிறவரின் பெயரை எழுதவே இல்லை.

செல்வி சித்தி: ஒரு ரூபாவும் போடாதே மகன்.

தினேஷ்: போடவில்லை அம்மா. ஆனால் கார் வேண்டும். பஸ் விட்டுப் போன பிறகு வருத்தக்காரரை ஓட்டோவில் யாழ்ப்பாணம் வரைக்கும் கொண்டு போகிறது கொடுமை.

வாணி: கார் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை தம்பி. திங்கட்கிழமை கிளிநொச்சி டவுனில் இரண்டு வங்கியில் கேட்போம். குறைந்து வரும் மீதிக்கு வட்டி எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்குவோம். உனக்கு மாரியில் ஹயர் குறையும் என்பதையும் கணக்கில் வைத்துத்தான் தொகையை முடிவு செய்ய வேண்டும்.

வாணி: அந்த விளம்பரம், பேப்பர், உன் வாட்ஸ்அப் கேள்வி பதில், கரன் எடுத்த ஸ்டிக்கர் படம் ஒன்றையும் அழிக்காதே. கார் விற்கிறவரின் பொய்க்கு நுகர்வோர் அதிகாரசபை, போன் இலக்கம் 1977. நிதிக் கம்பனி பற்றிய முறைப்பாட்டுக்கு மத்திய வங்கியின் போன் இலக்கம் 1935. கிளிநொச்சியிலேயே மத்திய வங்கிக்குப் பிராந்திய அலுவலகம் இருக்கு, அங்கேயும் போய்க் கேட்கலாம்.

தினேஷ்: நான் ஏமாறவில்லையே அக்கா, முறைப்பாடு எடுப்பார்களா?

வாணி: பொய் விளம்பரம் போட்டதே பிழைதான். 2003 ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் அது குற்றம். அந்தப் பதிவின் கீழே பார், விசுவமடு, மாங்குளம், முழங்காவில் பெடியன்கள் எத்தனை பேர் நம்பர் போட்டு விட்டிருக்கிறார்கள்.

சின்ன மாமா: என் பெயரையும் சேர்த்து எழுது பிள்ளை, நானும் கையெழுத்து வைக்கிறேன்.

வாணி: சரி மாமா. நான் இன்று இரவு தமிழில் எழுதி வைக்கிறேன். தினேஷ், நாளைக்கு வந்து வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு. அடையாள அட்டைப் பிரதியும் கொண்டு வா.