குரங்கு தடுமாறிய நிமிடத்தை வைத்து மனிதனின் வேலையைக் கணக்கிடலாமா?

பல்லடத்துத் தறி:
1960, 70களில் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடங்களில் ரீசஸ் குரங்குகளுக்குச் சக்கரத்துக்குள் ஓடவும் விளக்கைப் பார்த்து நெம்புகோலை அழுத்தவும் பழக்கினார்கள். அப்புறம் ஒரே வீச்சில் கடும் கதிர்வீச்சைப் பாய்ச்சி, எப்போது தடுமாறுகிறது, எப்போது மீள்கிறது என்று குறித்தார்கள். அதை வைத்துப் படைவீரன் எவ்வளவு நேரம் வேலை செய்வான் என்று கணக்குப் போட்டார்கள். இதை நான் ஏற்க மாட்டேன். மின் அதிர்ச்சிக்குப் பயந்து ஓடிய குரங்கு அது. இங்கே காய்ச்சல் அடிக்கும்போதும் தறியில் அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிறார்கள். வாரக் கூலி வர வேண்டும் என்ற நினைப்புதான் அந்த விரலை ஓட்டுகிறது. அது எந்தக் குரங்குக்கு இருக்கிறது?

நாமக்கல் கால்நடை:
மன உறுதியை நான் மறுக்கலைங்கண்ணா. ஆனால் அங்கே நடப்பது உடம்பின் வேலை. பல பத்து கிரே (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) ஒரே நேரத்தில் பாய்ந்தால் ரத்தக் குழாய்களை விரிக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் உடம்புக்குள் கொட்டுகிறது, ரத்த அழுத்தம் சரிகிறது, மூளைக்கு ரத்தம் குறைகிறது. சில நிமிடங்களில் குரங்கு சாய்கிறது, கொஞ்ச நேரத்தில் பல குரங்குகள் எழுந்து மறுபடி வேலை செய்கின்றன, சில நாளில் சாகின்றன. 1958இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் அணு ஆய்வுக்கூட விபத்தில் சிக்கிய செசில் கெல்லியைப் பாருங்க. உடனே நிலைகுலைந்தார், ஆஸ்பத்திரியில் தெளிந்து பேசினார், சுமார் 35 மணி நேரத்தில் இறந்தார். குரங்கு காட்டிய அதே வழி.

பல்லடத்துத் தறி:
கெல்லியைச் சொன்னவர் ராபர்ட் பீபாடியை ஏன் விட்டீர்கள்? 1964, அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் யுரேனிய ஆலை விபத்து, ஏறத்தாழ 100 கிரே. கீழே விழுந்தவர் எழுந்து, கட்டடத்தை விட்டு வெளியே ஓடி, அவசரக் கொட்டகை வரை போய்ச் சேர்ந்தார். 49 மணி நேரம் உயிரோடு இருந்தார். ராணுவம் வைத்திருந்த அளவுகோலில் 80 கிரேயே நிரந்தரச் செயலிழப்பு!

நாமக்கல் கால்நடை:
அந்த அளவுகோல் ஐந்து நிமிடத்துக்குள் விழுவதைச் சொல்கிறதுங்க. அவர் ஓடியது முதல் ஓரிரு நிமிடம். ஓடித் தப்புவது வேறு, வால்வை மூடி மீட்டரைப் படித்து எழுதுவது வேறு. அதை யாரும் அவரிடம் அளக்கவில்லை. அளந்தது குரங்கிடம் மட்டும்தான்.

சிங்காநல்லூர் குளக்கரை:
இரண்டு அண்ணன்களும் 100 கிரேயிலேயே நிற்கிறீர்கள். நான் கோவையில் கதிர்சிகிச்சைக் கருவி இயக்குகிறவள். 1, 2 கிரே உடம்பு முழுக்கப் பட்டால் வேலையைக் கெடுப்பது வாந்தியும் சோர்வும். எலிக்கு வாந்தியே வராது! எலியை மட்டும் நம்பினால் முதல் அறிகுறியே கணக்கில் வராது. கீரி போலிருக்கும், வாந்தி எடுக்கும் ஃபெரட் என்ற விலங்கில் சோதித்ததால்தான் ஆண்டான்செட்ரான் போன்ற வாந்தி அடக்கும் மாத்திரைகளின் பலன் தெரிந்தது. "மாத்திரை போட்டாச்சுங்களா" என்று கேட்டுத்தான் வயிற்றில் கதிர் வாங்குகிறவர்களை மேசையில் படுக்க வைக்கிறேன். அதனால் விலங்குச் சோதனையே வீண் என்று சொல்ல என்னால் முடியாது.

ஆனால் கதிரைக் கொடுக்கும் வேகம் என்று ஒன்று இருக்கிறது. மூளைக் கட்டிக்கு நாளுக்கு 2 கிரே வீதம் ஆறு வாரத்தில் 60 கிரே கொடுக்கிறோம். பலர் டவுன் பஸ்ஸில் வந்து போகிறார்கள். அதையே ஒரே நாளில் கொடுக்க எந்த டாக்டரும் துணிய மாட்டார். செவ்வாய்க்குப் போகும் வழியில் கியூரியாசிட்டி விண்கலம் அளந்ததை வைத்துப் பார்த்தால், போக வர சுமார் 0.66 சீவர்ட் (கதிரால் உடம்புக்கு வரும் தீங்கைக் கணக்கில் எடுக்கும் அலகு), அதுவும் மாதக்கணக்கில். அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்கு விண்வெளியில் இருப்பது போன்ற கதிரைப் பல சோதனைகளில் சில நிமிடங்களிலேயே பாய்ச்சிவிடுகிறார்கள். விளக்கு எரிந்ததும் துளைக்குள் எவ்வளவு சீக்கிரம் மூக்கை நுழைக்கிறது என்று பார்க்கிறார்கள். அதிலும் சில எலிகள் மந்தமாகின்றன, சிலவற்றுக்கு ஒன்றுமே ஆகவில்லை. சராசரி போட்டால் அந்த இரண்டு வகையும் மறைந்துபோகும்.

நாமக்கல் கால்நடை:
சரிங்க அக்கா, வேகத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனிதனைச் சோதிக்க முடியாது, விபத்துகளோ கைவிரலில் எண்ணும் அளவுதான். திட்டம் போடுகிறவனுக்கு ஓர் எண் வேண்டாமா?

பல்லடத்துத் தறி:
வேண்டும், ஆளை வெளியே இழுக்க. குரங்கு பத்தாவது நிமிடம் சாய்ந்தது என்றால் ஐந்தாவது நிமிடமே அவனைக் கூப்பிட்டுவிடு. இன்னும் எத்தனை நிமிடம் அவனிடம் வேலை வாங்கலாம் என்று எண்ண அதே அட்டவணையை எடுத்தால், அதற்குத்தான் நான் குறுக்கே நிற்கிறேன்.