மீன் தொட்டிச் செடிகளுக்கு சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) சிலிண்டர் அவசியமா?

கொளத்தூர்க்காரன்:
ரெண்டடி மீன் தொட்டி, 60 லிட்டர், போர் தண்ணி. தரையில படர்ற மான்டி கார்லோ செடியும் சிவப்பு ரொட்டாலா செடியும் வச்சு ஒரு மாசம் ஆச்சு. ரொட்டாலா மெலிஞ்சு நிக்குது, மான்டி கார்லோ முழுக்கப் பாசி. லைட் தினம் 10 மணி நேரம். கடைக்காரர் சிலிண்டர் போடச் சொல்றார். போடலாமா?

பச்சைத்தரை:
போடுங்க. லைட்டை அவ்வளவு நேரம் எரிய விட்டுட்டு கார்பன் குடுக்கலைன்னா, சோறு போடாம வேலை வாங்கற கதைதான். சிலிண்டர் இல்லாத தொட்டில சிஓ2 கரைஞ்சு நிக்கறது 2, 3 பி.பி.எம். (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) இருந்தாலே பெரிசு. மான்டி கார்லோ பாய் விரிச்ச மாதிரி படரணும்னா 30 பக்கம் வேணும்.

சேத்துக்குளம்:
எதுக்கு? லைட்டை 6 மணி நேரமாக்குங்க, செடியை மாத்துங்க. கிரிப்டோகோரைன் வெண்டிட்டி இலங்கைச் செடி, நம்ம சூட்டுக்கு அசராது. வாலிஸ்னேரியா கடினத் தண்ணில இருக்கற பைகார்பனேட்டையே கார்பனா எடுத்துக்கும். அடியில மண் போட்டா அது மக்கும்போதும் கொஞ்சம் சிஓ2 வரும்.

நானும் சிலிண்டர் வச்சிருந்தவன்தான். ஒரு நாள் ஆபீஸ் விட்டு வந்து பார்த்தா, டெட்ரா மீன் எல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துட்டு இருக்கு. 14ல மூணுதான் மிஞ்சுச்சு. சிஓ2 அளவை நிறத்துல காட்டற டிராப் செக்கர் பச்சையாத்தான், அதாவது அளவு சரின்னுதான், இருந்துச்சு! அன்னைக்கே கழட்டிட்டேன்.

பச்சைத்தரை:
கஷ்டமா இருக்குண்ணே. ஒண்ணு கேக்கறேன், டிராப் செக்கருக்குள்ள என்ன தண்ணி ஊத்தினீங்க?

சேத்துக்குளம்:
தொட்டித் தண்ணிதான். கூட வந்த நீல மருந்து ரெண்டு சொட்டு.

பச்சைத்தரை:
அங்கதான் போச்சு. கார்பனேட் கடினத்தன்மை (கே.எச்.) 4 டிகிரி இருக்கற '4 டி.கே.எச்.' கரைசல்தான் ஊத்தணும். அந்த மருந்து காட்டறது பி.எச்.ஐ (அமில-கார அளவை) மட்டும். 4 கே.எச்.ல பச்சைன்னா 30 பி.பி.எம். கே.எச். மூணு மடங்கானா அதே பச்சைக்கு சிஓ2வும் மூணு மடங்கு. உங்க தண்ணி கே.எச். எவ்வளவு?

சேத்துக்குளம்:
12.

அப்போ 90ல நின்னுருக்கு. இத்தனை வருஷமா காஸைத் திட்டிட்டு இருந்தேன். சரி, தப்பு என்னோடது. ஆனாலும் என் பேச்சை மாத்திக்க மாட்டேன். உங்க வழியில ஒருத்தன் அசந்தா மீன் சாகுது, என் வழியில அசந்தா இலை வாடுது. சித்திரை வெயில்ல தண்ணி 31 டிகிரிக்குப் போகும், அதுல ஆக்சிஜனே கம்மி.

பச்சைத்தரை:
அதுக்குத்தான் டைமரும் சொலினாய்டும் (கரண்ட்ல திறக்கற வால்வு). லைட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி திறக்கும், அணையறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி மூடும். கரண்ட் போனாலும் மூடிக்கும். சிலிண்டருக்குப் பதிலா காஸ் உண்டாக்க வைக்கற ஈஸ்ட்-சர்க்கரை பாட்டில்தான் ஆபத்து, ராத்திரி நிறுத்தவே முடியாது.

கொளத்தூர்க்காரன்:
பாட்டில்ல விக்கற 'லிக்விட் கார்பன்'?

சேத்துக்குளம்:
வேணாம். பெரும்பாலும் குளுடரால்டிஹைடுங்கற கிருமிநாசினி அது. வாலிஸ்னேரியா கரைஞ்சே போயிடும்.

பச்சைத்தரை:
இதுல அண்ணன் சொல்றது சரி.

கொளத்தூர்க்காரன்:
லைட்டை இன்னைக்கே 6 மணி நேரமாக்கிட்டேன். ரெகுலேட்டர் விலையைக் கேட்டா தலை சுத்துது, தீபாவளி போனஸ் வரட்டும்.

சேத்துக்குளம்:
வாங்கினா அந்த 4 டி.கே.எச். கரைசலையும் மறக்காம வாங்குங்க தம்பி.